தடைக்காலத்தில் கேட்ட அட்வான்ஸ்

மே மாதக் கடைசி. ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கரையேற்றிய படகு ஒன்றின் வயிற்றுக்கடியில் குந்தி உட்கார்ந்து, பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார் அத்தான். தடைக்காலத்தில் கடலுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் வேலை இவ்வளவுதான். அதுவும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அக்கா மகள், தூக்கை இறக்கி வைக்கும் முன்பே போனை நீட்டினாள். சென்னை ஹாஸ்டலிலிருந்து வாட்ஸ்அப். ஜூன் 1-ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் கட்டாவிட்டால் அந்தப் பெட் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

அத்தான் இரண்டு தடவை படித்தார். போனில் பட்டிருந்த பெயின்ட்டைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். "பதினஞ்சு நாளு பொறுக்க மாட்டாகளாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பதினைந்து நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாணவர் செலவுக் கணக்கு என்றாலே நம் பத்திரிகைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. டீயைக் குறை, ஹோட்டலைத் தவிர், வரவில் பத்தில் இரண்டு பங்கைச் சேமி. நானும் அப்படி எழுதியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று இந்தக் கரையிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்குத் தொகையைவிடத் தேதிதான் பெரிய பகை. வீட்டில் பணமே இல்லை என்பதில்லை. பட்டணம் கேட்கிற நாளில் அது கடலுக்குள் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2001-இல் தொடங்கியபோது அது 45 நாள்தான். மே 29-ஆம் தேதியோடு முடிந்துவிடும். 2017-இலிருந்து 61 நாள் ஆனது. மீன் இனம் பெருகவேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அதை இந்தக் கரையில் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஆனால் அந்தப் பதினாறு நாள் நீட்டிப்பு கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் என்ன செய்தது என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் மே மாதக் கடைசியில் படகு கிளம்பிவிடும். கல்லூரி திறப்பதற்குள் நாலைந்து தொழில் பார்த்து, கைக்கு நாலு காசு வந்துவிடும். இப்போது படகு கடலில் இறங்கும் வாரமும் கல்லூரி திறக்கும் வாரமும் ஒன்றாகிவிட்டன. கட்டணம், அட்வான்ஸ், புத்தகம், ரயில் எல்லாம் தலையில் ஏறும் மாதத்தில் வலை வீட்டு முற்றத்தில் காய்கிறது.

தடைக்கால நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக முதல்வர் 2023 ஆகஸ்டில் அறிவித்தார். அறிவித்த இடமும் மண்டபம்தான். 8,000-ஐ 61-ஆல் வகுத்தால் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். எங்கள் பெண் கேட்கிற பெட்டின் ஒரு மாதக் கட்டணம் 7,500. ஒரு குடும்பம் இரண்டு மாதம் அடுப்பெரிக்க அரசு தரும் தொகையும், சென்னையில் இரண்டரை அடி அகலக் கட்டில் ஒன்றின் மாதக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்று.

அவளுடைய நோட்டைப் பார்த்தேன். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்தது. முதல் வருடம் ஆவடியில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் இடமில்லை என்றாகிவிட்டது. இனி ஹாஸ்டல்தான். நாலு பேர் அறையில் பெட், சாப்பாட்டோடு 7,500. ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது, அதற்கும் இடையில் ஒரு டீ, பன்னுக்கும் சேர்த்து 600. ஜெராக்ஸ், பிரிண்ட், ரெக்கார்டு 400. சோப்பு, நாப்கின் வகையறா 500. ஷேர் ஆட்டோ 300. போன் ரீசார்ஜ் 300. கூட்டினால் 9,600. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. மிச்சம் 8,600. பத்து மாதத்துக்கு 86,000. கல்லூரிக் கட்டணம் தனி.

பஸ்ஸுக்கு அந்த நோட்டில் சுழியம் போட்டிருந்தாள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சுழியத்தின் அருமை, சென்னையில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் சைதாப்பேட்டையிலிருந்து மௌண்ட் ரோடு வரை நடந்த என் தலைமுறைக்குத் தெரியும். அவளுடன் படிக்கும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உதவி பெறும் ஒருவன் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து எம்.டி.சி. பாஸ் எடுக்கிறானாம். "அவனுக்கு வர்ற தமிழ்ப் புதல்வன் காசு அப்படியே பஸ்ஸுக்குப் போயிருது மாமா" என்று சிரித்தாள்.

ஆனால் அவள் நோட்டில் என்னை நிறுத்தியது வேறு ஒரு பக்கம். மேலே ‘மாசம்’ என்று தலைப்பு. கீழே எண்கள்: 28, 30, 45, 61. போன் கம்பெனிக்கு மாதம் என்றால் 28 நாள். அதனால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். ஹாஸ்டலுக்கு மாதம் 30 நாள். அம்மாவின் மாதம் 45 நாள். அக்கா பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறாள். கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிவிட்ட கப்பாபைகஸ் பாசி அறுவடைக்கு வர 45 நாள் ஆகும். வாடைக்காற்று காலத்தில் கடல் கொந்தளித்தால் மிதவையே அறுந்து கரையில் கிடக்கும். 61 அப்பாவின் தடைக்காலம். ஒரே வீட்டில் நாலு வகை மாதம். இந்த நாலும் ஒரு தேதியில் சந்திக்கும் நாளைத்தான் அந்தப் பெண் தேடிக்கொண்டிருக்கிறாள். கணக்குப் பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று நாம் மனப்பாடம் செய்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

தடை நீங்கினாலும் கடல் சம்பளக்காரனாகிவிடாது. ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த மூன்று நாளிலும் காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் படகின் ஆட்களுக்கு வழக்கு முடியும்வரை வரவு இல்லை. துறைமுகம் மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் மற்றவர்களுக்கும் இல்லை. டீசல், ஐஸ் காசு கழித்துத்தான் பங்கு. நல்ல பாடு கிடைத்த அன்று அத்தான் கையில் இரண்டாயிரம், மூவாயிரம் இருக்கும். அடுத்த வாரம் சுத்தமாக ஒன்றும் இராது. சராசரி போட்டால் கௌரவமான வருமானம்தான். சராசரியைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் கட்ட முடியாதே.

அதனால் இந்தக் கரையில் ஒரு அட்வான்ஸ் இன்னொரு அட்வான்ஸைப் பெற்றெடுக்கிறது. பட்டணத்து ஹாஸ்டலுக்குக் கட்ட, அப்பா படகு முதலாளியிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்குகிறார். வாங்கிவிட்டால் அந்தப் படகை விட்டு வேறு படகுக்கு மாற முடியாது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் மீனை அவர் சொல்லும் விலைக்குத்தான் போடவேண்டும். வட்டி என்ற சொல்லே அங்கே வராது. கிலோவுக்குக் குறைகிற பத்து, இருபது ரூபாயில் அது கரைந்திருக்கும். மாணவர் செலவு பற்றிய எந்த அட்டவணையிலும் இந்த வரி இருக்காது. என்னைக் கேட்டால் முதல் வரியாக எழுத வேண்டியது இதைத்தான்.

இது புதிய கதையும் இல்லை. இதே தீவிலிருந்து 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் படிக்கப்போன ஒரு படகுக்காரர் மகனின் கதையைத் தமிழ்நாடே அறியும். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் விடுதி வாழ்க்கை, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை. எம்.ஐ.டி.யில் சேர அப்போது ஆயிரம் ரூபாய் அளவுக்குத் தேவைப்பட்டது. அப்துல் கலாமின் அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த வளையலை என் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டதையும், அப்போது சம்பாதிக்க இருந்த ஒரே வழி நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவதுதான் என்பதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்கிறார். மேடைகளில் இதை அக்காவின் தியாகம் என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த அடகுச்சீட்டுத்தான் கண்ணில் நிற்கிறது. திருப்ப வேண்டிய ஒரு பொருளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படித்த படிப்பு அது. செலவைக் குறைக்கத்தான் சைவத்துக்கு மாறினேன் என்றும் பின்னாளில் சொன்னார். ராமேஸ்வரத்துப் பிள்ளை மீனை விட்டதற்குக் காரணம் மெஸ் பில்.

அவர் சொன்ன இன்னொரு கதை இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கம். சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது ராமேஸ்வரத்தில் புயல் என்று செய்தி. ஊருக்குப் போகவேண்டும்; கையில் ரயில் காசு இல்லை. திமோஷென்கோவும் குடியரும் எழுதிய மீள்தன்மை பற்றிய தடித்த புத்தகம் ஒன்று பரிசாகக் கிடைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைக்குப் போனார். கேட்டது 60 ரூபாய். கடைக்காரர் பணத்தைக் கொடுத்தார்; புத்தகத்தை விற்காமல் வைத்திருந்து, காசு கொண்டுவந்தபோது திருப்பியும் கொடுத்தார். பெயர் தெரியாத அந்தப் பெரியவர் நடத்தியது வட்டியில்லாத ஒரு கல்விக் கடன் திட்டம்; ஜாமீன், ஒரு புத்தகம். அந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. ஆனால் கதையின் சாரம் அப்படியே இருக்கிறது: ஊரில் கடல் பொங்கினால், 600 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மாணவனின் மாதக் கணக்கு உடைகிறது.

சத்திய சோதனையில் காந்தியும் லண்டன் செலவுக் கணக்கு எழுதுகிறார். 1888-இல் போனவர், பிறகு ஒற்றை அறைக்கு மாறி, ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே செய்து, ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்திருக்கிறார். வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க எட்டு, பத்து மைல் நடந்தார். நல்ல முன்மாதிரிதான். என்றாலும் அவர் அறையில் அடுப்பு மூட்ட அனுமதி இருந்தது. நம் பிள்ளைகளின் ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் அடுப்பைக் கண்டால் பறிமுதல்.

அடுப்பில்லாத அறைக்குக் கடற்கரைத் தாய்மார்கள் கண்ட வழி பொடி. கருவாடாகக் கொடுத்தனுப்ப முடியாது. ரயில் பெட்டியிலேயே சண்டை வரும், ஹாஸ்டலில் கேட்கவே வேண்டாம். அக்கா நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மண் போகக் கழுவி, வெயிலில் சுக்காகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் வறுப்பாள். மிளகாயும் பூண்டும் கொஞ்சம் கறிவேப்பிலையும் தனியே வறுத்து, உரலில் சேர்த்து இடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, வாயில் பிளாஸ்டிக் தாள் கட்டி மூடுவாள். மூடியைத் திறக்கும் வரை வாசம் வராது. திறந்த பிறகு அறையிலுள்ள மற்ற மூன்று பெண்களும் கையை நீட்டுவார்கள் என்பது வேறு விஷயம். ஆவடியில் இருந்தபோது ஒரு பாட்டில் ஐந்து வாரம் வந்ததாம். "ஹாஸ்டல்ல பதினஞ்சு நாள்தான் வரும்" என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

சென்னையில் குறைந்த செலவில் இருக்க இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. 2025-இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளை காசு தரவேண்டியதில்லை. கல்லூரி மாணவருக்கு உணவுப்படியாக அரசு ஒதுக்குவது, 2023-இல் உயர்த்தியபின், மாதம் 1,500. அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து 50 ரூபாய். அதில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதே ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும். ஆனாலும் இடம் கிடைத்தால் விடக்கூடாது. எங்கள் பெண் விண்ணப்பிக்கத் தவறியது முதல் தவறு. உறவினர் வீடு இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். முதல் வருடம் விட்டவளுக்கு இரண்டாம் வருடம் காலி இடத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தனியார் விடுதி என்றால் அது வேறு உலகம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண் பிள்ளைகளுக்கான பழைய ஏற்பாடு. ஒரு தலைமுறை சினிமாக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அங்கேதான் பழுத்தார்கள். பெண்களுக்கு பி.ஜி. ஹாஸ்டல். அங்கே விளம்பரத்தில் சொல்லும் தொகையைவிடச் சொல்லாத தொகையைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். கரண்ட் பில் தனியா? காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்? மே மாதம் ஊருக்குப் போனாலும் பெட்டைத் தக்கவைக்கப் பாதிக் கட்டணமா? நான் என் மகனுக்கு இடம் பிடித்த ஒரு விடுதியில் காலி செய்த அன்று ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று 2,000 ரூபாய் பிடித்தார்கள். அறைக்கு ஆறு பேர். ஆறு பேரிடமும் அந்தச் சுவருக்குப் பெயின்ட் காசு வாங்கினார்கள். சுவர் இன்றைக்கும் அதே பச்சை. ஜி.எஸ்.டி. என்று சொல்லிக் கூட்டிக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்டு, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் விடுதி வாடகைக்கு 2024 ஜூலை முதல் அந்த வரி இல்லை.

மாசக் கடைசிக்கு அம்மா உணவகம். 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று, இரண்டு சப்பாத்தி மூன்று என்று வைத்த விலை. எங்கள் பெண்ணுக்கு முதலில் கூச்சம். ஒரு நாள் அங்கே தன் கல்லூரி லேப் அசிஸ்டென்ட்டைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டதாம்.

ரயில் விஷயத்தில் நம் பிள்ளைகள் விட்டுவிடும் காசுதான் எனக்கு ஆற்றாமை. மாணவர்கள் சொந்த ஊருக்குப் போய்வர இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதம் சலுகை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரியில் சலுகைப் படிவம் வாங்கி, முத்திரை வைத்து, ஸ்டேஷன் கவுன்டரில் நீட்ட வேண்டும். போனில் டிக்கெட் எடுத்துப் பழகிய தலைமுறை கவுன்டருக்குப் போவதில்லை. படிவம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஊரிலேயே படிப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து கல்லூரிக்கு ரயிலில் போய்வரும் மாணவிக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினம் பஸ்ஸில் காசு கொடுத்துப் போய்வரும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரயில் பாலம் மூடியிருந்த நாள்களில் தீவுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லவே முடியவில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கும்வரை, தீவுப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு பஸ் பிடித்து மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ போய்த்தான் ரயில் ஏறினார்கள்.

சரி, அந்தப் பதினைந்து நாளுக்கு என்ன வழி? பதில் இந்தக் கரையிலேயே, அதுவும் பெண்களிடமே இருக்கிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்று நெடுநாளாக ஓடுகிறது. மீன் படும் மாதங்களில் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டுவாள். அரசுகள் 3,000 சேர்க்கும். மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்ப வரும். தொகை சிறியதுதான். ஆனால் அதன் புத்தி பெரிது. நல்ல பாடு உள்ள நாளில் பிடித்துவைத்து வறண்ட நாளில் கொடுப்பது. நம் கல்லூரிகளும் விடுதிகளும் உதவித்தொகை அலுவலகங்களும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மீனவப் பெண்களிடம் கற்றுக்கொண்டால் போதும். கடலோர மாவட்டப் பிள்ளைகளுக்கு ஜூன் கட்டணத்தை ஜூலைக்குத் தள்ளினால் அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அக்கா அதைத் தன் அளவில் செய்துகொண்டிருந்தாள். பாசி அறுவடைக் காசில் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கை ஊர்ச்சீட்டில் போட்டு, ஏலத்தில் தள்ளி எடுக்காமல் கடைசிச் சீட்டுக்காகப் பொறுத்திருந்தாள். அந்தக் கடைசிச் சீட்டு ஜூலையில்தான். இங்கேயும் தேதி காலை வாரிவிட்டது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனவளை மகள்தான் தடுத்தாள். "இரும்மா, நான் ஹாஸ்டல் அக்காட்ட பேசுறேன்."

பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. அப்பா என்ன தொழில், தடைக்காலம் என்றால் என்ன, படகு எப்போது போகும் என்று கடைக்காரரிடம் சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தூத்துக்குடியாம். தடைக்காலத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. 2,000 இப்போது அனுப்பு, மிச்சம் எப்போது தருவாய் என்று கேட்டார்.

"ஜூன் 18" என்றாள் உடனே.

போனை வைத்ததும் கேட்டேன், அது என்ன 18 என்று. "பதினாலாம் தேதி ராத்திரியோட தடை முடியும் மாமா. பதினஞ்சு காலையில டோக்கன் போட்டு அப்பா போவாங்க. பதினாறு காலையில கரை. இறால் வியாபாரி காசு குடுக்க ரெண்டு நாளு இழுப்பாரு" என்றாள். நோட்டைத் திறந்து 18-ஐ வட்டமிட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ‘காற்று இல்லைன்னா’ என்று எழுதிக்கொண்டாள்.